மாங்கோடிபியில் யாருக்கு எவ்வளவு அனுமதி: முதல் பயனரிலிருந்து தொடங்குவோம்

மாங்கோடிபி, தரவை ஆவணங்களாகச் சேமிக்கும் ஒரு தரவுத்தள மென்பொருள். அதை நிறுவியதும் அது யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. கட்டளைகளைத் தட்டும் ஷெல்லைத் திறந்தால் போதும், எல்லாத் தரவும் கைக்குள். சொந்தக் கணினியில் பழகும்வரை இதனால் தொல்லை இல்லை. அதே நிலையில் சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பது 2017 ஜனவரியில் தெரிந்தது. பூட்டில்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை யாரோ அழித்துவிட்டு, தரவு வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுப்போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பு முதல், நாம் மாற்றாதவரை அது உள்ளூர்க் கணினியின் இணைப்பை மட்டுமே ஏற்கிறது. கடவுச்சொல் கேட்க வைப்பது மட்டும் இன்றும் நம் பொறுப்புதான்.

எடுத்துக்காட்டுக்கு ‘நூலகம்’ என்றொரு தரவுத்தளம். அதில் ஆவணங்களின் தொகுப்புகளாக, புத்தகங்கள், உறுப்பினர்கள், இரவல் என மூன்று கலெக்‌ஷன்கள். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஷெல்லில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள் (‘யூஸ்’ என்பதற்குப் பின் மட்டும் ஓர் இடைவெளி வேண்டும்). பல சொற்கள் சேர்ந்த பெயரில் இரண்டாம் சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

படி 1: நிர்வாகியை உருவாக்குங்கள்

ஷெல்லில் ‘யூஸ் அட்மின்’ என்று கொடுத்து அட்மின் தரவுத்தளத்துக்குப் போங்கள். அங்கே ‘டிபி.கிரியேட்யூசர்’ கட்டளைக்குப் பயனர் பெயர், கடவுச்சொல், ரோல் பட்டியல் ஆகிய மூன்றையும் தர வேண்டும். ரோல் என்பது ஒருவர் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு. கடவுச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ‘பாஸ்வேர்ட்ப்ராம்ப்ட்’ என்று எழுதி, அடுத்து வெற்று அடைப்புக்குறி போடுங்கள். அப்போது ஷெல் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். திரையில் கடவுச்சொல் தெரியாது.

ரோல்களாக ‘யூசர்அட்மின்எனிடேட்டாபேஸ்’, ‘ரீட்ரைட்எனிடேட்டாபேஸ்’ இரண்டையும் கொடுங்கள். முதலாவது, பயனர்களை உருவாக்கவும் அனுமதி வழங்கவும் உதவுவது. பெயரைப் பார்த்துச் சின்ன அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதை வைத்திருப்பவர் தனக்குத்தானே எந்த ரோலையும் வழங்கிக்கொள்ளலாம். வீட்டின் எல்லாச் சாவிகளும் உள்ள கொத்து அது. இந்தக் கணக்கை எந்தச் செயலியின் நிரலுக்குள்ளும் எழுதாதீர்கள்.

படி 2: பூட்டைப் போடுங்கள்

லினக்ஸில் இடிசி கோப்புறைக்குள் உள்ள மாங்கோடி.கான்ஃப் கோப்பைத் திறந்து ‘செக்யூரிட்டி:’ என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வரியில் இரண்டு இடைவெளி விட்டு ‘ஆதரைசேஷன்: எனேபிள்ட்’. டேப் விசையை அழுத்தினால் கோப்பு செல்லாது, சர்வர் எழுந்திருக்காது, ஸ்பேஸ் மட்டும்தான். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனிக் கடவுச்சொல் இல்லாமல் ஷெல்லைத் திறந்து பாருங்கள். இணைப்பு கிடைக்கும்! பூட்டு வேலை செய்யவில்லையோ என்று பலர் பதறும் இடம் இது. வாசல்வரை யாரும் வரலாம், உள்ளே எதையும் தொட முடியாது. ஒரு கலெக்‌ஷனைப் படிக்க முயன்றால் மறுப்பு வரும்.

படி 3: செயலிக்கு அளவான ரோல்

பெரும்பாலான விளக்கங்கள் இங்கே ‘ரீட்ரைட் ரோலைக் கொடுங்கள்’ என்று முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரீட்ரைட் என்றால் படிப்பது, எழுதுவது மட்டும் இல்லை. ஒரு கலெக்‌ஷனை அடியோடு தூக்கும் டிராப் அனுமதியும் அதற்குள் இருக்கிறது. அறிக்கை எடுக்கும் ஒரு ஸ்கிரிப்டுக்கு நான் ரீட்ரைட் கொடுத்திருந்த காலம் உண்டு. சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து அந்தக் கணக்கில் டிராப் போட்டேன். போனது உண்மையான தரவு. முந்தைய இரவின் காப்பு நகல் கைகொடுத்தது. அன்று காலையிலிருந்து பதிவானவை திரும்பவில்லை. படிக்க மட்டும் வேண்டிய ஸ்கிரிப்டுக்கு ‘ரீட்’ ரோல் கொடுத்திருந்தால் அந்தக் கட்டளை ஓடியே இருக்காது.

ஆகவே நூலகச் செயலிக்கு நாமே ஒரு ரோல் செய்வோம். நிர்வாகியாக உள்நுழைந்து, ‘யூஸ் நூலகம்’ கொடுத்து, ‘டிபி.கிரியேட்ரோல்’ கட்டளையை எழுதுங்கள். ரோலின் பெயர் ‘நூலகச்செயலி’. ‘ப்ரிவிலேஜஸ்’ பட்டியலில் ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் ஓர் உருப்படி: எந்தத் தரவுத்தளம், எந்தக் கலெக்‌ஷன், என்னென்ன செயல்கள். மூன்றுக்கும் ஃபைண்ட் (படிக்க), இன்சர்ட் (சேர்க்க), அப்டேட் (திருத்த) போதும். ரிமூவ் (நீக்க) வேண்டாம், புத்தகம் திரும்பி வந்தால் இரவல் ஆவணத்தில் திரும்பிய தேதியைக் குறித்தால் ஆயிற்று. இன்னொரு ரோலிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும், கடைசியில் ‘ரோல்ஸ்’ என்ற வெற்றுப் பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிழை வாங்குவது புதியவர்களுக்கு வழக்கம்.

பிறகு அதே தரவுத்தளத்தில் இருந்தபடியே செயலிக்கு ஒரு பயனரை உருவாக்கி இந்த ரோலை வழங்குங்கள்.

படி 4: ஆவணத்தின் பாதியை மட்டும் காட்ட

ஆவணத் தரவுத்தளத்தில் தனிக் கவனம் வேண்டிய இடம் இதுதான். உறுப்பினரின் பெயர், தொலைபேசி, முகவரி, பிறந்த தேதி எல்லாம் ஒரே ஆவணத்தில் உட்கார்ந்திருக்கும். ரோலில் அனுமதி கலெக்‌ஷன் அளவோடு நின்றுவிடும். ‘பெயரைப் படிக்கலாம், தொலைபேசியைப் படிக்கக் கூடாது’ என்று அதில் எழுத வழியில்லை. மாதாந்தர அறிக்கை எழுதுபவருக்கு உறுப்பினர்கள் கலெக்‌ஷனைத் திறந்துவிட்டால் எல்லாருடைய முகவரியையும் கொடுத்ததாகிவிடும். நம்மை நம்பித் தந்த விவரம் அது.

இதற்கு வியூ உதவும், அதாவது மூலத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் சாளரம். நிர்வாகி ‘டிபி.கிரியேட்வியூ’ கட்டளையில் வியூவுக்கு ‘உறுப்பினர்சுருக்கம்’ என்று பெயரிட்டு, மூலமாக உறுப்பினர்களைக் காட்டி, எந்தப் புலங்கள் தெரிய வேண்டும் என்று சொல்லும் ப்ராஜெக்ட் நிலையில் பெயரையும் சேர்ந்த தேதியையும் மட்டும் 1 என்று குறிக்க வேண்டும். பின்னர் அறிக்கைக்காரருக்கு ஒரு ரோல்: இந்த வியூவின்மேல் ஃபைண்ட், அவ்வளவே. மூலக் கலெக்‌ஷனில் அனுமதி இல்லாமலே அவரால் வியூவைப் படிக்க முடியும். வியூ வழியாக எதையும் எழுதவும் முடியாது.

படி 5: ஒவ்வொரு கணக்காக உள்ளே போய்ப் பாருங்கள்

முடிந்ததைச் சோதிப்பதைவிட முடியக் கூடாததைச் சோதியுங்கள். செயலியின் கணக்கில் ஓர் ஆவணத்தை நீக்கிப் பாருங்கள். அறிக்கைக்காரர் கணக்கில் உறுப்பினர்களைப் படித்துப் பாருங்கள். சோதனைத் தரவில்தான் செய்ய வேண்டும். பிழை எண் 13 வந்தால், ஆள் சரி, அனுமதி இல்லை. நாம் விரும்புவது அதுதான். 18 வந்தால் உள்நுழைவே தோற்றுவிட்டது. கடவுச்சொல் சரியாக இருந்தும் 18 வருகிறதா? இணைப்பில் ‘ஆத்சோர்ஸ்’ என்ன என்று பாருங்கள். பயனரை எந்தத் தரவுத்தளத்தில் உருவாக்கினோமோ அதன் பெயர் அங்கே இருக்க வேண்டும். நம் செயலிக்கு ‘நூலகம்’, நிர்வாகிக்கு ‘அட்மின்’.

பின்னாளில் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு ரோல் தேவைப்பட்டால் ‘கிராண்ட்ரோல்ஸ்டுயூசர்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் ‘டு’, ‘யூசர்’ இரண்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். ‘அப்டேட்யூசர்’ கட்டளையில் ரோல் பட்டியல் கொடுத்தால் அது பழைய பட்டியலோடு சேராது. பழையது முழுவதும் போய்ப் புதியது மட்டும் நிற்கும்.