ஆறு வயதில் கடைவாய்க்கு டோர்ச் அடித்துப் பாருங்கள்

பாடசாலைப் பல் கிளினிக்கில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் லிப்டுக்குள் மாட்டினால் அம்மாமார் விடமாட்டார்கள். "அன்ரி, இவளுக்கு முன்பல் இடைவெளியாக இருக்கு, கிளிப் போடவா?" நான் முதலில் கேட்பது வயதை.

ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் மேல் முன்பற்கள் விரிந்து நிற்பது பெரும்பாலும் சாதாரணம். பதினொன்று, பன்னிரண்டில் வேட்டைப்பற்கள் இறங்கும்போது அநேகமாக இடைவெளி நெருங்கிவிடும். அவசரப்பட வேண்டாம். ஆனால் பத்து வயதில், கன்னப் பக்கமாக மேல் முரசில் விரலால் தடவிப் பாருங்கள். வேட்டைப்பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கடைவாய். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே பெரிய பல் ஒன்று முளைக்கும். பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். அதற்கு முன்னால் நிற்கும் பாற்கடைவாய்ப்பல்லில் சூத்தை இருந்தால், "விழப்போற பல்தானே" என்று விடாதீர்கள். அதை நேரத்துக்கு முன் பிடுங்கினால், பின்னால் உள்ள பல் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் நெருக்கடி தொடங்குவது அங்கேதான்.

அப்புறம் விரல் சூப்புவது. பிள்ளையைக் கடைவாயைக் கடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மேல், கீழ் முன்பற்கள் தொடாமல் இடைவெளி தெரிந்தால் பெரும்பாலும் விரலின் வேலை. எவ்வளவு பலமாகச் சூப்புகிறது என்பதைவிட எத்தனை மணிநேரம் என்பதே முக்கியம். இரவு முழுக்கச் சூப்பும் பிள்ளைதான் கவலை. மூன்று வயதுப் பிள்ளையை ஏசாதீர்கள். நிரந்தர முன்பற்கள் வருவதற்குள் நிறுத்தினால் போதும். வேப்பெண்ணெய் பூசுவது எனக்குப் பிடிக்காது. பிள்ளையின் சம்மதத்தோடு இரவில் கைக்கு ஒரு சொக்ஸ் போடுங்கள். வாயால் மூச்சு விடும் பிள்ளையென்றால் முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள்.

கிளிப் போட்டாலும் பொறுமை வேண்டும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீற்றர் நார்ப்படலம் இருக்கிறது. அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், இழுபடும் பக்கம் புது எலும்பு வளரும். இப்படிப் பல் நகர்வது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் முடியாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்வு நின்றுபோகும், வேரும் தேயலாம். கிளிப் இருக்கும்வரை, பல்லில் ஒட்டும் கச்சான் அல்வா மட்டும் வேண்டவே வேண்டாம். கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

கிளிப் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னரைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கடையில் கொத்து சாப்பிடும்போது அதை டிஷ்யூவில் சுற்றி வைத்தால் தட்டோடு போய்விடும். பெட்டியில் போடச் சொல்லுங்கள்.