மாங்கொட்டையும் ஒரு பங்கா? பின்னத்தை வகுப்பில் தொடங்கும் முறை

பின்னம் என்றாலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது. அதே பிள்ளைகள்தான் கடைக்குப் போய், "கால் கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய்" என்று தடுமாறாமல் வாங்கி வருகிறார்கள். பங்கு என்பது அவர்களுக்குத் தெரியும். அதை எண்ணாக எழுதும்போதுதான் குழப்பம். அதனால் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் போல வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். கால், முக்கால் என்பது தெலுங்கில் பாவு, முப்பாவு. கன்னடத்தில் காலு, முக்காலு. தன் வீட்டுச் சொல் பலகையில் ஏறினால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

1. மாம்பழம்

ஜூனில் பள்ளி திறக்கும்போது கிருஷ்ணகிரியில் மாம்பழம் இன்னும் கிடைக்கும். ஒன்றை எடுத்து, இரண்டு கதுப்பும் நடுவில் கொட்டையுமாக மூன்று துண்டு போடுங்கள். "ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். என் வகுப்பில் ஒரு பெண், "கொட்டை வந்தவங்களுக்கு நஷ்டம் மிஸ்" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். மூன்று துண்டு இருந்தால் போதாது, மூன்றும் சமமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன செந்தூரா மாம்பழத்தையும் ஒரு பெரிய பெங்களூரா மாம்பழத்தையும் காட்டி, எந்தப் பாதி வேண்டும் என்று கேளுங்கள். எல்லாரும் பெரியதைத்தான் கேட்பார்கள். 'எதில் பாதி?' என்ற கேள்வி அங்கே தானாக வந்துவிடும்.

2. காகிதப் பட்டை

பழைய காலண்டர் தாளில் 24 செ.மீ. நீளத்துக்குப் பட்டைகள் வெட்டுங்கள். 24 என்பதற்குக் காரணம் உண்டு: பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3 என்று எல்லாமே முழு செ.மீ.யில் வரும். ஒரு பட்டையை முழுசாக வைத்துக்கொள்ளட்டும். மற்றவற்றில் பாதி, கால், எட்டில் ஒன்று ஆகியவற்றை மடித்து வெட்டலாம். மூன்றையும் ஆறையும் மடிப்பது கஷ்டம், ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கால் துண்டை இன்னொரு முறை மடித்தால் எட்டில் ஒன்று. அதற்கு நம் பழைய பெயர் அரைக்கால், அதாவது காலில் அரை. பிற்பாடு வரப்போகும் பின்னப் பெருக்கல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

1/4 பெரியதா, 1/3 பெரியதா என்று கேட்டால் பலர் 4 பெரிய எண் என்பதால் 1/4 என்பார்கள். திருத்த வேண்டாம். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

3. இப்போது எழுதலாம்

இங்கே நிதானம் தேவை. தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். கீழே இருக்கும் எண்ணை முதலில் சொல்கிறோம். காதில் விழும் வரிசையிலேயே மேலிருந்து எழுதினால் 4/3 ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. நான் செய்வது இதுதான்: முதலில் கோடு போடச் சொல்வேன். 'நான்கில்' என்றதும் கோட்டுக்குக் கீழே 4. 'மூன்று' என்றதும் மேலே 3. ஒரு வாரம் இப்படியே சொல்லி எழுதட்டும். தொகுதி (மேல் எண்), பகுதி (கீழ் எண்) என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

4. புளியங்கொட்டை

ஆளுக்கு 12 கொட்டை கொடுத்துக் கால் பங்கு எடுக்கச் சொல்லுங்கள்: 3. மறுபடி 20 கொடுங்கள்: 5. கால் ஒன்றுதான், எண்ணிக்கை ஏன் மாறியது என்று அவர்களே விளக்கட்டும்.

5. கூட்டல்

1/2 + 1/3 என்றால் மேலே 2, கீழே 5 என்று கூட்டி 2/5 எழுதுவார்கள். சரி, பட்டைக்குப் போங்கள். 24 செ.மீ.யில் ஐந்தில் இரண்டு 9.6 செ.மீ.; பாதித் துண்டே 12 செ.மீ. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? பாதித் துண்டையும் மூன்றில் ஒன்றையும் வரிசையாக வைத்து, பக்கத்திலேயே ஆறில் ஒன்றுத் துண்டுகளை அடுக்கச் சொல்லுங்கள். சரியாக ஐந்து பிடிக்கும், 5/6. பகுதியைச் சமமாக்கும் விதியை நான் சொல்லித் தருவது அந்த ஐந்து துண்டையும் அவர்கள் எண்ணி முடித்த பிறகுதான்.