பழைய துவக்கின் பதிவைத் தேடும்போது பணம் வீணாகும் இடங்கள்

திருகோணமலைப் பக்கம் அப்பப்பா காலத்து இரட்டைக் குழல் துவக்கை அனுமதிப்பத்திரத்தோடு பேணுகிறவர்களுக்கு இப்போது ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தின் பழைய தயாரிப்பாளர்கள் சிலரின் பேரேடுகள் ஸ்கான் செய்யப்பட்டுவிட்டன. துவக்கில் பொறித்த தொடர் இலக்கத்தை அனுப்பிக் கட்டணம் கட்டினால், அந்தத் துவக்கு எப்போது, எந்த அளவில் செய்யப்பட்டது என்ற பதிவு மின்னஞ்சலில் வந்துவிடும். துவக்கைத் தொடுமுன் குழலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு.

காப்புரிமை இலக்கத்தைத் துவக்கின் இலக்கமாக எடுப்பது

இதைவிட எரிச்சலூட்டும் தவறு இல்லை. குழலைக் கழற்றியதும், அது உட்காரும் இரும்புத் தளத்தில் ‘அன்சன் அண்ட் டீலிஸ் பேட்டன்ட்’ என்ற பொறிப்பும் பக்கத்தில் ஓர் எண்ணும் பளிச்சென்று தெரியும். உடனே கைத்தொலைபேசியில் படம் எடுத்து அந்த எண்ணையே அனுப்பிவிடுகிறார்கள்.

அன்சன், டீலி இருவரும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற துவக்குத் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். சுத்தியலை உள்ளே மறைத்த அவர்களுடைய பொறிக்கு 1875இல் காப்புரிமை கிடைத்தது. மற்றத் தயாரிப்பாளர்களும் கட்டணம் கொடுத்து அதே பொறியைச் செய்தார்கள். அப்படிச் செய்த ஒவ்வொரு துவக்குக்கும் கணக்கு வைக்கப் பொறித்ததுதான் அந்த எண். அது எல்லாருடைய துவக்குகளையும் சேர்த்து ஓடும் கணக்கு. உங்கள் தயாரிப்பாளரின் வரிசைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பேரேட்டில் அந்த எண்ணிலும் ஏதோ ஒரு துவக்கு இருக்கத்தான் செய்யும் என்பதுதான் சிக்கல். ‘இல்லை’ என்று பதில் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் வருவது அழகான ஒரு பதிவு, வேறொருவரின் துவக்குக்கு. 12 போர் (‘போர்’ என்பது குழல் துளையின் அளவு) துவக்குக்கு 16 போர் என்று பதில் வந்த ஒருவர், யாரோ குழலை மாற்றிவிட்டதாக முடிவு கட்டினார். பிறகு சரியான இலக்கத்தைக் கண்டுபிடித்து இரண்டாந்தரமும் கட்டணம் கட்டினார். குழல் அன்றைக்குப் போட்ட அதே குழல்தான்.

சரியான இலக்கம் விசைக் காப்பு வளையத்தின் பின்பக்க வாலில் இருக்கும். அதையே குழலின் அடிப்பக்கத்திலும் முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கைபிடிக்கும் மரத்தின்) இரும்பிலும் தேடுங்கள். மூன்றும் ஒத்தால் அனுப்புங்கள். ஒன்று மாறினால், எது எங்கே இருந்தது என்று எழுதி எல்லாவற்றையும் அனுப்புங்கள்.

காப்புரிமை எண்ணையும் எறிந்துவிட வேண்டாம். அக்காலத்தில் காப்புரிமை 14 ஆண்டுக்குத்தான். ஆகவே அந்த எண் உள்ள துவக்கு 1875க்கும் 1889க்கும் இடையில் செய்யப்பட்டது என்பது, ஒரு சதம் செலவில்லாமலே தெரிந்துவிடுகிறது.

மங்கிய இலக்கத்தை ஊகிப்பது

எங்கள் உப்புக் காற்றில் பொறிப்பு சீக்கிரம் துருவால் மூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு இலக்கமும் போய்விடும். எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடையுங்கள். இருட்டறையில் டோர்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து, நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் 3 ஆகத் தெரிவது மறுபக்கத்தில் 8 ஆகும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த நகல் பல நேரம் படத்தைவிட நன்றாக இருக்கும்.

குழலில் உள்ள பெயரை அப்படியே நம்புவது

பேர்மிங்காமில் செய்த துவக்குகளில் பெரும்பகுதி வேறு ஊர்க் கடைக்காரர்களின் பெயரோடு விற்கப்பட்டவை. அந்தப் பெயரில் பேரேடு தேடிப் பயனில்லை.

தட்டச்சு அட்டவணையோடு திருப்திப்படுவது

பேரேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த அட்டவணையோடு நிற்காமல், பேரேட்டுப் பக்கத்தின் படத்தையே கேளுங்கள்.

ஓடர் திகதியைப் பிறந்த திகதியாக எழுதுவது

ஓடர் ஒரு திகதி, ஒப்படைத்தது வேறொரு திகதி. எது எது என்று கேட்டுக் குறியுங்கள்.

பதிவு வந்துவிட்டதென்று முத்திரையைப் பார்க்காமல் விடுவது

தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த நிலையைத்தான் பேரேடு சொல்லும். அதற்குப் பிறகு குழலுக்கு என்ன நடந்ததென்று அறியக் குழலடியில் உள்ள சோதனைச் சாலை முத்திரைகளைத்தான் பார்க்க வேண்டும். ‘நாட் ஃபார் பால்’ (தனிக் குண்டுக்கு அல்ல) என்றிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில் சோதித்தது. அதாவது கருமருந்துக் காலம். பின்னர் புகையற்ற மருந்துக்கு மறுசோதனை செய்த முத்திரை இல்லாவிட்டால், இன்றைய தோட்டாவை அதில் போடக்கூடாது.

பழைய 12 போரில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீற்றர். இன்று கிடைப்பது அதிகம் 70 மில்லிமீற்றர். போட்டால் உள்ளே போகும், மூடவும் முடியும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாத வாய் அறைக்கு முன்னுள்ள ஒடுக்கத்தில் நுழைந்து வழியை அடைக்க, அழுத்தம் ஏறும். அறையின் நீளத்தைத் துவக்கு திருத்துகிறவரிடம் கொடுத்து அளவியால் அளப்பியுங்கள். பேரேட்டில் உள்ள எண்ணை அதற்குப் பதிலாக எடுக்க வேண்டாம்.