பழைய ஸ்விஃப்டுக்கு செகண்ட் ஹேண்ட் அலாய் வீல்: காசு கொடுக்கும் முன் அளந்து பார்ப்பது எப்படி

என் 2008 ஸ்விஃப்டின் இரும்பு டிஸ்க்குகள் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரங்கள்) விளிம்பில் துருவேறி, அடிக்கடி காற்று இறங்க ஆரம்பித்தன. புது டிஸ்க் போடுவதற்குப் பதில் பழைய அலாய் செட் ஒன்றைத் தேடிப் போட்டேன். இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை ஸ்டீயரிங்கில் துளி அதிர்வு இல்லை. நம் பக்கத்து ஆட்கள் இப்படி ஒரு செட்டுக்குப் பெரும்பாலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போகிறோம். ஊருக்குக் கொண்டுவந்த பிறகு பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. "நாலு ஓட்டை சார், அப்படியே உட்காரும்" என்று கடையில் சொல்வதை நம்பாமல், அளக்கும் சாமானோடு போங்கள்.

வெர்னியர் காலிப்பர், ஒரு அடி இரும்பு ஸ்கேல், நேரான அலுமினியச் சட்டம் ஒன்று, உங்கள் காரின் வீல் நட் ஒன்று. இவ்வளவு போதும். இஞ்ச் டேப் வேண்டாம். இங்கே 2 மி.மீ. வித்தியாசமே பெரிய விஷயம், டேப்பின் கொக்கி ஆட்டத்திலேயே அது காணாமல் போய்விடும்.

முதலில் பிசிடி. போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம். வீலைக் கவிழ்த்து, எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளின் உள்பக்க விளிம்புகளுக்கு இடையே அளந்து, ஓட்டையின் விட்டத்தை அதோடு கூட்டுங்கள். காரில் பார்க்க வேண்டுமானால் எதிரெதிர் ஸ்டட்களின் (வீல் மாட்டும் மையப் பகுதியான ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் திருகுத் தண்டுகளின்) வெளிப்பக்கம் அளந்து, ஒரு ஸ்டட்டின் கனத்தைக் கழியுங்கள். ஸ்விஃப்டில் 112 வரும், 12 போனால் 100. ஹோண்டா சிட்டி, எட்டியோஸ், லோகன் எல்லாமே 4 × 100 தான், அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. பிசிடி. ஃபியட் பாலியோ 4 × 98. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 98 வீலை 100 ஹப்பில் நட் போட்டு இழுத்தால் ஸ்டட் வளைந்த நிலையில் இறுகும். அந்த வீல் பக்கமே போகாதீர்கள். ஃபோர்டு ஐகான் 4 × 108, மாட்டவே மாட்டாது.

அடுத்து நடு ஓட்டை. ஸ்விஃப்ட் ஹப்புக்கு 54.1 மி.மீ., எட்டியோஸுக்கும் அதே. ஹோண்டா 56.1, லோகன் 60.1. வீலின் ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கிடைக்கிறது. சிறிதாக இருந்தால் உட்காராது. லேத்தில் கொடுத்துப் பெரிசு பண்ணிவிடலாம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மையம் ஒரு இழை தவறினாலும் அந்த வீல் ஆயுசுக்கும் ஆடும்.

இனி வருவதுதான் என்னை அதிகம் அலைய விட்ட விஷயம். பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்: நட் உட்காரும் இடம்.

ஸ்விஃப்டின் நட் முனை கூம்பு. வெளிச்சந்தையில் விற்கும் அலாய் வீல்களும் அனேகமாகக் கூம்புதான். ஹோண்டா கம்பெனி வீலில் அந்த இடம் கிண்ணம் போல உருண்டிருக்கும். டொயோட்டாவின் பல அலாய்களில் வாஷரோடு வரும் தட்டை நட். உருண்ட குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். ஸ்பேனருக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும். ஓட ஓட அந்தக் கோடு நசுங்கி நட் தளரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே போகும் வண்டியில் இதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

"அதுக்கென்ன, ஹோண்டா நட்டையே தர்றேன்" என்று கடைக்காரர் கொடுப்பார். அது உட்காரும் இடத்துக்குப் பொருந்தும், ஆனால் மரை வேறு. ஹோண்டா, டொயோட்டா ஸ்டட் 12 மி.மீ. கனத்தில் 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மி.மீ.-இல்), சுசுகி அதே கனத்தில் 1.25. கையால் போட்டால் ஒன்றிரண்டு சுற்று போய் நின்றுவிடும். அங்கே ஏர் கன் வைத்தால் ஸ்டட் மரை போய்விடும். ஆக, ஹோண்டா கம்பெனி வீல் ஸ்விஃப்டுக்கு வேண்டுமென்றால் உருண்ட முனையும் 1.25 மரையும் உள்ள நட் செட் கையில் கிடைத்த பிறகே வீலுக்குக் காசு கொடுங்கள். அந்த நட் சுலபத்தில் கிடைப்பதில்லை. கூம்பு உட்காரும் வெளிச்சந்தை அலாய், இல்லையென்றால் ஸ்விஃப்டின் சொந்த அலாய், இரண்டில் ஒன்றை எடுப்பதே என் விருப்பம். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: கொண்டுபோன நட்டின் முனையில் கண்மை தடவி, வீல் ஓட்டையில் அழுத்தித் திருப்பி எடுங்கள். குழியில் அகலமான வளையமாக மை பதிந்தால் பொருத்தம். நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் விழுந்தால் வேண்டாம்.

ஆஃப்செட் என்பது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அதை வீலின் பின்பக்கம் ஈடி 45 என்பது போல அச்சில் வார்த்திருப்பார்கள். அழிந்திருந்தால் அளக்கலாம். வீலை முகம் தரையில் படக் கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு வரை ஆழம் பாருங்கள். 127 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு முதல் விளிம்பு வரை முழு அகலம் 165. அதில் பாதி 82.5. 127-இல் அதைக் கழித்தால் 44.5, அதாவது ஈடி 45. கவனம்: 5.5 ஜே என்று எழுதியிருப்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். முழு அகலம் அதைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதல். உங்கள் பழைய டிஸ்க்கையும் இதேபோல் அளந்து ஒப்பிடுங்கள். ஈடி 10 குறைந்தால் வீல் 10 மி.மீ. வெளியே வரும், கூடினால் அவ்வளவு உள்ளே போகும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுச் சரிக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. ஸ்பேசரின் கனம் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைகிறது.

டயர் சைஸ் கணக்கு சுலபம். கீழ் மாடல் ஸ்விஃப்டில் வந்த 165/80 ஆர்14-இன் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 15 அங்குலத்துக்கு மாறினால் 185/65 ஆர்15, சுமார் 621. ஸ்பீடோமீட்டர் மாறாது. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு எண் ஹேண்ட்புக்கில் இருப்பதற்குக் குறையக் கூடாது. வீலோடு பழைய டயரும் வந்தால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெல்டிங் தடம் உள்ள வீலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வளைவு இருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் சுற்ற வைத்துப் பாருங்கள்.

மாட்டும்போது முன் வீலில் டயர் போடும் முன்பே ஒருமுறை வைத்துப் பாருங்கள். பிரேக் காலிப்பரின் மேல் கொஞ்சம் சப்பாத்தி மாவை ஒட்டி, நட் போட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றி, கழற்றி மாவின் கனத்தை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். 3 மி.மீ.க்குக் கீழே என்றால் நான் விட்டுவிடுவேன். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் வெயிட்டுக்கும் இடம் வேண்டுமே.

நட்டை முதலில் கையால் ஓட்டுங்கள். 1.25 மரையில் பத்து சுற்றாவது பிடிக்க வேண்டும். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச்தான் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), அளவு ஹேண்ட்புக்கில் உண்டு. 50, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரையும் டிக்கியில் மாம்பழக் கூடைகளையும் ஏற்றி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். காலி வண்டியில் உரசாத டயர் இங்கே உரசும்.

சேர்க்கை: இதைப் படித்த தர்மபுரி நண்பர் ஒருவர், போலோவில் ஐந்து ஓட்டை, எதிரெதிர் ஓட்டையே இல்லையே என்று கேட்டார். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588-ஆல் வகுங்கள். 58.8 வந்தால் 5 × 100, போலோவுக்கு அதுதான். 67.2 என்றால் 5 × 114.3. போலோவில் ஸ்டட் கிடையாது, ஹப்புக்குள் போகும் போல்ட், முனையும் உருண்டது. அதனால் முனையோடு போல்ட்டின் நீளத்தையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஹப் பரப்பைத் தாண்டி உள்ளே நீளும் அளவு பழைய வீலில் எவ்வளவோ அதே அளவு புதியதிலும் இருக்க வேண்டும்.