கைவினைப் பொருள் விற்பவர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு: முதல் பாலிசி வாங்குவது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மறுநாள் காலை, எனக்கு ஒரு புகைப்படம் வந்தது. நான் செய்து விற்ற வாசனை மெழுகுவத்தியின் கண்ணாடிக் குவளை இரண்டாகப் பிளந்திருந்தது. உருகிய மெழுகு தேக்கு மேசையில் ஓடி, கைக்குட்டை அகலத்துக்கு மரம் கருகியிருந்தது. மெழுகுவத்தியின் விலை 350 ரூபாய். மேசையைச் சரிசெய்ய அவர்கள் கேட்டது 18,000 ரூபாய். மன்னிப்புக் கேட்டு, மூன்று தவணைகளில் கொடுத்து முடித்தேன். அந்த மேசைக்குப் பக்கத்தில் திரைச்சீலையோ தொட்டிலோ இருந்திருந்தால் தவணையில் முடிகிற கதையாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. வீட்டிலிருந்தே பொருள் செய்து, இன்ஸ்டாகிராமிலோ கண்காட்சிக் கடைகளிலோ விற்பவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்தியாவில் விற்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாலிசி உடைந்த பொருளுக்குப் பணம் தராது. அந்தப் பொருள் எதை உடைத்ததோ அதற்குத்தான் தரும். என் விஷயத்தில் மெழுகுவத்திக்கு அல்ல, மேசைக்கு. இந்த வேறுபாடு புரியாமல் பாலிசி வாங்கி, பிறகு முகவரோடு சண்டை போடுபவர்களே அதிகம்.

படி 1: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்று பாருங்கள்

“நான் என்ன தொழிற்சாலையா நடத்துகிறேன்?” என்று கேட்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைச் செய்பவர் உற்பத்தியாளர். செய்யும் இடம் சமையலறையா ஷெட்டா என்று சட்டம் கேட்பதில்லை. பிறர் செய்த பாகங்களை வாங்கிக் கோத்து விற்றாலும், அதில் உங்கள் பெயரை ஒட்டி விற்றாலும் நீங்கள் உற்பத்தியாளர்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில், பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பைப் பேசவே தனி அத்தியாயம் இருக்கிறது: பிரிவு 82 முதல் 87 வரை.

அதில் பிரிவு 84ஐ மட்டுமாவது படித்துவிடுங்கள். உற்பத்தியாளர் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்பதை அது சொல்கிறது. செய்ததில் குறை இருந்தால், வடிவமைப்பிலேயே குறை இருந்தால், சொன்ன அளவுக்கும் முறைக்கும் மாறாகச் செய்திருந்தால், கொடுத்த உறுதிமொழிக்குப் பொருள் ஒத்துப்போகாவிட்டால் என்று நான்கு. ஐந்தாவதுதான் நம்மைப் போன்றவர்களைப் பிடிக்கிறது: சரியாகப் பயன்படுத்தும் முறையையோ, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையையோ போதிய அளவு கொடுக்காமல் விட்டால். என் மெழுகுவத்தியில் “அன்புடன் கையால் செய்தது” என்று அழகான எழுத்தில் இருந்தது. “அடியில் அரை அங்குல மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிடவும்” என்று இல்லை.

உறுதிமொழி விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பு. கவனக்குறைவோ ஏமாற்றும் எண்ணமோ இல்லாமல்தான் சொன்னேன் என்று நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது. ஆகவே “நூறு சதவீதம் இயற்கை, யாருக்கும் ஒவ்வாமை வராது” என்று இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்தால் இன்றே போய் அழித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத காப்பீடு வேறில்லை.

உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. பொருளை வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், மாற்றியமைத்திருந்தால், அல்லது ஆபத்து எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான ஒன்றாக இருந்தால் நீங்கள் தப்பலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்லக்கூட, இந்தப் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் போய் நிற்க வேண்டும். புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. எந்த ஆணையம் என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது, கேட்கும் இழப்பீடு அல்ல. அதாவது 350 ரூபாய் மெழுகுவத்திக்கு மாவட்ட ஆணையத்தில் லட்சக்கணக்கில் கேட்கலாம். தனிநபர் நிறுவனம் (புரொப்ரைட்டர்ஷிப்) என்றால் தொழிலும் நீங்களும் ஒன்றுதான் என்பதையும் மறக்க வேண்டாம். கடன் கடையோடு நிற்காது, வீட்டுக்கும் வரும்.

படி 2: உங்கள் பொருள் யாரை, எப்படிக் காயப்படுத்தும்?

ஒரு தாளில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, எதிரே “மிக மோசமாக என்ன நடக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டும் தஞ்சாவூர் ஓவியம் என்றால் கொக்கி கழன்று விழலாம், அவ்வளவுதான். மாக்ரமே (கயிற்று முடிச்சு வேலை) ஊஞ்சல் என்றால் ஆளோடு விழும். நிக்கல் கலந்த கொக்கி போட்ட காதணி என்றால் காது மடல் புண்ணாகும். பின்னல் பொம்மையின் பிளாஸ்டிக் கண் பிடுங்கி வந்தால் குழந்தையின் தொண்டை. குளியல் சோப்பில் காஸ்டிக் சோடா கணக்குத் தவறினால் தோல் வெந்துபோகும்.

தலையணை உறை, வாழ்த்து அட்டை, பட்டுநூல் வளையல் மட்டும் செய்பவர்களுக்கு என் நேர்மையான கருத்து: இப்போதைக்குக் காப்பீடு வேண்டாம், படி 7ஐ மட்டும் செய்யுங்கள். நெருப்பு, தோல், குழந்தை, எடை தாங்குவது என்ற நான்கில் ஏதாவது ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் மேலே படியுங்கள்.

படி 3: காப்பீட்டுக்கு முன் உரிமம்

சட்டப்படி தேவையான உரிமம் இல்லாத பொருளுக்குப் பாலிசி எடுத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும்.

பொம்மை: 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரக்குறி கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அடையாள அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். விலக்கு கிடைப்பது தரக்குறியிலிருந்து மட்டுமே, பொறுப்பிலிருந்து அல்ல.

குளியல் சோப்பும் முகப்பூச்சும் சட்டத்தில் அழகுசாதனப் பொருள்கள். விற்பதற்காகச் செய்ய 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். “எல்லோரும் உரிமம் இல்லாமல்தான் விற்கிறார்கள்” என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டாது.

படி 4: சரியான பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

நான் முதலில் போன முகவர், “எல்லாம் ஒன்றுதான் அம்மா” என்று தீ விபத்துப் பாலிசி ஒன்றை எடுத்து நீட்டினார். எல்லாம் ஒன்றல்ல.

சிறு தொழில்களுக்கான “பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா” உங்கள் சரக்கும் கருவிகளும் எரிந்தால் உங்களுக்குத் தருவது. அடுத்தவர் மேசைக்குத் தராது. “பப்ளிக் லயபிலிட்டி” என்பது உங்கள் இடத்துக்கு வந்தவருக்கு அடிபட்டால் உதவுவது. கண்காட்சியில் உங்கள் கூடாரக் கம்பி வாடிக்கையாளர் தலையில் விழுந்தால் இதுதான். இதிலும் ஒரு குழப்பம் உண்டு. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் ஒரு பாலிசி இருக்கிறது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கானது. முகவர் அவசரத்தில் அதை எடுத்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு வேண்டியது “பிராடக்ட் லயபிலிட்டி பாலிசி”. இப்படியே சொல்லுங்கள். தமிழில் தயாரிப்புப் பொறுப்புக் காப்பீடு என்று நான் சொன்னபோது எதிரில் இருந்தவர் தயாரிப்பு எந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா உட்பட நான்கு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களும் பல. சிறிய தொகை என்பதால் சில கிளைகளில் ஆர்வம் காட்ட மாட்டார்கள். அப்போது தரகரிடம் போங்கள். முகவர் ஒரு நிறுவனத்துக்காகப் பேசுபவர்; தரகர் உங்களுக்காகப் பல நிறுவனங்களிடம் விலை கேட்டு வருபவர். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் வாங்குங்கள்.

படி 5: முன்மொழிவுப் படிவம் (காப்பீடு கேட்டு நீங்கள் நிரப்பிக் கொடுப்பது)

பிரீமியத்தைத் தீர்மானிப்பவை பொருளின் தன்மை, ஆண்டு விற்பனை, கேட்கும் வரம்பு, எந்த நாடுகளில் விற்கிறீர்கள், முன்பு புகார் வந்ததா என்பவை. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

பிரீமியத்தைக் குறைக்க விற்பனையைக் குறைத்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. மறைத்த ஒரு செய்தி பாலிசியையே செல்லாததாக்கிவிடும். நான் மேசை கருகிய கதையை எழுதித்தான் கொடுத்தேன். பொருள் பட்டியலிலும் கஞ்சத்தனம் கூடாது. “மெழுகுவத்தி” என்று எழுதிவிட்டு இடையில் அறை வாசனைத் தெளிப்பானும் விற்கத் தொடங்கினால், தெளிப்பானுக்குப் பாதுகாப்பு இல்லை. புதுப் பொருள் சேர்த்தால் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் அதைச் சேர்த்ததற்கான மேலொப்பம் (எண்டார்ஸ்மென்ட்) வாங்குங்கள்.

படி 6: வரைவை வாங்கி, இந்த ஐந்து இடங்களைத் தேடுங்கள்

பணம் கட்டும் முன் பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வரம்பு. இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓர் ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு. 5 லட்சம், 10 லட்சம் என்றிருந்தால் ஒரே விபத்தில் 7 லட்சம் இழப்பீடு வந்தாலும் கிடைப்பது 5 லட்சம்தான். வழக்கறிஞர் செலவு இந்த வரம்புக்குள் அடங்குமா, வெளியே தனியா என்பதையும் கேளுங்கள்.

விலக்குத் தொகை. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு இது. சில பாலிசிகளில் இது இழப்பின் சதவீதமாக இல்லாமல் வரம்பின் சதவீதமாக இருக்கும். தேவைக்கு மேல் பெரிய வரம்பு வாங்கினால் உங்கள் பங்கும் கூடவே ஏறும்.

தேதிகள். இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள், பலர் கோட்டை விடும் இடம் இதுதான். இந்தப் பாலிசிகள் பெரும்பாலும், கோரிக்கை வந்த நாளில் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவை. 2023இல் விற்ற ஊஞ்சல் 2025இல் அறுந்தால், 2025இல் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். கூடவே “பின்னோக்கிய தேதி” என்று ஒன்று அச்சாகியிருக்கும். அதற்கு முன் நடந்த விபத்துகளுக்கு எதுவும் கிடைக்காது. முதல் பாலிசியில் அது அநேகமாகப் பாலிசி தொடங்கும் நாளாகவே இருக்கும். ஆண்டுதோறும் இடைவெளி விடாமல் புதுப்பித்தால் அந்தப் பழைய தேதி கூடவே வரும். ஒரு மாதம் விட்டுப் பிடித்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தொழிலை மூடினாலும் விற்ற பொருள்கள் ஊரார் வீடுகளில் இருக்கின்றன என்பதால், நிறுத்தும் முன் நீட்டித்த அறிவிப்புக் காலம், அதாவது பாலிசி முடிந்த பிறகும் கோரிக்கையைத் தெரிவிக்க அவகாசம், உண்டா என்று கேளுங்கள்.

எல்லை. “இந்தியா மட்டும்” என்றிருந்தால் சிங்கப்பூர் அத்தைக்கு அனுப்பியதற்குப் பாதுகாப்பு இல்லை. “உலகம் முழுவதும், அமெரிக்கா, கனடா நீங்கலாக” என்பது வழக்கமான வாசகம். அந்த இரு நாடுகளையும் சேர்த்தால் பிரீமியம் துள்ளும். கைவினைப் பொருள்களுக்கான எட்சி (Etsy) இணையச் சந்தையில் உங்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்களே அதிகம் என்றால், இந்த ஒரு வரியில்தான் உங்கள் முழுப் பாலிசியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 2024 டிசம்பர் 13 முதல் அங்கேயே ஒரு பொறுப்பாளரைக் காட்டச் சொல்லும் விதி வந்துவிட்டது. அது காப்பீட்டால் தீராது.

விலக்குகள். விற்ற பொருளின் விலை, அதை மாற்றித் தரும் செலவு, சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவு, அபராதம், தெரிந்தே விற்ற குறை ஆகியவை வராது.

படி 7: ஒரு நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு முறை செய்யும்போதும் தொகுதி எண் ஒன்று கொடுங்கள். தேதியும் வரிசையும் போதும். மெழுகு எந்தக் கடையில் வாங்கியது, எந்தத் திரி, எந்தக் குவளை, எத்தனை மணி நேரம் எரித்துப் பார்த்தீர்கள் என்று நான்கு வரி. அதே எண்ணைப் பொருளின் அடியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை வாங்குபவருக்குப் புரியும் மொழியில், படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள். அதைப் புகைப்படம் எடுத்தும் வையுங்கள். குவளை விற்ற கடையின் ரசீது மிக முக்கியம். குறை அவர்களுடையது என்றால் உங்கள் காப்பீட்டு நிறுவனம் அவர்களைத் துரத்திப் போகும், ஆனால் ரசீது இல்லாமல் யாரைத் துரத்துவது?

படி 8: புகார் வந்த அன்று

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அத்தனையும் தவறு. உடனே “என் தவறுதான்” என்று எழுதினேன், பேரம் பேசினேன், பணம் கொடுத்தேன். நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் கொடுக்கவோ கூடாது என்று ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் நிபந்தனை இருக்கிறது.

மனிதராக நடந்துகொள்வதை அது தடுக்கவில்லை. “யாருக்கும் அடிபடவில்லையே? நடந்ததற்கு வருந்துகிறேன். படங்களையும் உடைந்த பொருளையும் பத்திரமாக வைத்திருங்கள், நான் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்” என்று சொல்லுங்கள். அதே தொகுதியில் மிச்சமிருப்பதை விற்பதை நிறுத்துங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வந்த ஒப்புதலைச் சேமியுங்கள். அவர்கள் காரணமின்றி மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கும், பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளத்திலும் எழுதலாம். தனிநபர் நிறுவனங்களும் குறு நிறுவனங்களும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்திலிருந்தே அறிவிப்பு வந்துவிட்டால் நாள்காட்டியை எடுங்கள். பதில் தர 30 நாள். ஆணையம் அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. வழக்கறிஞரை நியமிக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம் என்றாலும், உறையைப் பிரித்து அவர்களுக்கு அனுப்ப வேண்டியது நீங்கள்தான். கண்காட்சி முடியட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.