தூக்கம் வராத இரவில் மனத்தைக் கையாள்வது எப்படி?

ஓரிரு இரவுகள் தூக்கம் கெடுவது யாருக்கும் நேரும். வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் வராமல், அந்நிலை 3 மாதங்கள் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் வகுக்கிறது. ஓர் இழப்போ வேலை நெருக்கடியோ தொடங்கிவைத்த தூக்கமின்மை, அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் தொடர்வது பெரும்பாலும் ‘இன்றும் தூங்க மாட்டேனோ’ என்ற அச்சத்தால்தான். அச்சம் எழுந்ததும் இதயத் துடிப்பு கூடி உடல் விழிப்புக்கு ஆயத்தமாகிறது. அதனால் தூங்க முயல முயலத் தூக்கம் விலகிப்போகிறது.

எனவே கவலைக்குப் படுக்கைக்கு வெளியே ஓர் இடம் கொடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே ஒரு தாளை எடுத்து, மனத்தை உறுத்துவனவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் நாளை எடுக்கக்கூடிய ஒரு சிறு அடியைக் குறியுங்கள். உடனே விடை காண முடியாதவற்றுக்கு எதிரே ‘இது இன்று தீராது’ என்றே எழுதி மூடிவையுங்கள். கோபம், குற்ற உணர்வு, துயரம் ஆகியவற்றையும் அவற்றின் பெயர் சொல்லியே எழுதுவது நல்லது. நினைக்கவே கூடாது என்று அழுத்திவைக்கும் எண்ணம் இருட்டில் இன்னும் வலுவாகத் திரும்பி வரும்.

படுத்து ஏறத்தாழ 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான ஏதேனும் செய்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். காலையில் எழும் நேரத்தை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ‘எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளைய நாளே பாழ்’ என்ற எண்ணம் வந்தால், சரியாகத் தூங்காத முந்தைய நாள்களில் உண்மையில் எவ்வளவு வேலை நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆண்களைவிடப் பெண்களுக்குத் தூக்கமின்மை ஏறத்தாழ 1.4 மடங்கு அதிகம். பூப்பெய்தும் பருவத்தில் தோன்றும் இந்த வேறுபாட்டில் மாதவிடாய், கருவுறுதல், மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றின்போது ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களுக்குப் பங்குண்டு. இரவிலும் பிறரைக் கவனிக்க வேண்டிய பொறுப்புக்கும், பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆகவே ‘பெண் என்றால் கவலைப்படத்தான் செய்வாள்’ என்று ஒதுக்குவது பெருந்தவறு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கும் ‘வெப்ப அலைகளால்’ இரவில் விழிப்பவருக்குத் தாளும் பேனாவும் போதாது. வெப்ப அலைகளுக்கெனச் சிகிச்சை இருக்கிறது. இரவில் பிறரைக் கவனிக்கும் பணியைக் குடும்பத்தில் முறைவைத்துப் பகிர்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

மன வேதனையை வெளியே சொல்லத் தயங்கி மதுவை நாடும் ஆண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மது விரைவில் உறங்கவைத்தாலும் இரவின் பிற்பாதித் தூக்கத்தைக் கலைத்துவிடும். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால், ஆணோ பெண்ணோ, தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் உறக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இம்முயற்சிகள் சில வாரங்களில் பயன் தராவிட்டால், தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும், தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள வயதுவந்தோருக்கு மாத்திரைக்கு முன்பாக இதையே தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திராமல் உதவி நாடுங்கள்.