எங்கள் ஞாயிற்றுக்கிழமை

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு வந்த புதிதில் ஞாயிறு என்றாலே எங்களுக்குக் கலக்கம். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடிக்கிடக்கும். சத்தம் வரும் என்பதால் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலி பாட்டில்களைக் கொண்டுபோய்ப் போடவும் கூடாது. வீட்டுக்குள் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். சாயங்காலம் ஆனால் ஒரு சண்டை நிச்சயம்.

வழி காட்டியது ஒரு மஞ்சள் பலகை. இங்கே நடைப்பயணப் பாதைகளின் பலகைகளில் தூரத்தைவிட நேரத்தைத்தான் எழுதியிருப்பார்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண பாதை. சிவப்பு வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும்.

முதலில் ஹால்ப்டாக்ஸ் அட்டை வாங்கினோம், டிக்கெட் பாதி விலைக்கு வந்தது. அப்புறம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு யூட்லிபெர்க் மலைக்கு ரயில் ஏறினோம். அங்கிருந்து ஃபெல்செனெக் வரை மலைமுகட்டில் சுமார் இரண்டு மணி நேர நடை. வழிநெடுக சூரியக் குடும்பத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். சூரியன் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான உருண்டை. நூற்றைம்பது மீட்டர் தள்ளி பூமி, கொண்டைக்கடலை அளவுதான்! அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "நம்ம ஊரு இதுல எங்கம்மா இருக்கு?" என்றார்.

நெப்டியூனைத் தாண்டி சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழே ஏரி. பிறகு கேபிள் காரில் அட்லிஸ்வில் இறங்கி வீடு வந்தோம்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையே எலுமிச்சை வாங்கி வைத்துவிடுகிறேன்.